ஆல்டர்கேட்டின் நூற்றுக்கு நூறு

சில்லிகாத்தி, ஒஹையோ
ஏப்ரல் 26

டேய் எம்மெட்,

விண்ணப்பத் தளத்தத் திறந்துட்டாங்க, என் வீடியோவ ஒரே ராத்திரியில நாப்பதாயிரம் பேர் பாத்துட்டாங்க, நான் உன் ஆல்டர்கேட்டுக்கே வர்றேன்டா!!!

நான் நலம். நீயும் நலமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன். போனை எடுக்காத அண்ணனிடம் வேறு எப்படி விசாரிப்பது? "பயிற்சிக்கு மலைக்குள்ள ஒரு கிளினிக்ல போட்டுட்டாங்க, சிக்னல் இல்ல, என் ரூம் அட்ரஸுக்கு லெட்டர் போடு, அங்கிருந்து எனக்கு அனுப்பிடுவாங்க" என்று நீ அனுப்பிய ஒற்றை வரியால் இன்று எனக்குக் காகித வேலை. தபால்தலையை உறையில் எந்த மூலையில் ஒட்டுவது என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சிரித்தால் கொன்றுவிடுவேன்.

என் சேனலை நீ பார்த்ததே இல்லை, தெரியும். பேர் 'வடிகட்டி'. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு நடத்தும் கல்லூரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, லைசென்ஸ் தேர்வில் முதல் தடவையே எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்று பார்க்கிறேன். நூறு என்றால் உள்ளே. தொண்ணூற்றொன்பது என்றால் வெளியே. அவ்வளவுதான் சட்டம். நீ படிக்கிற ஆல்டர்கேட் தொடர்ந்து ஆறு வருஷமாக நூறு. கைதட்டல் சத்தம் போட்டுத்தான் அந்தப் பகுதியையே முடித்தேன்.

நூறு இல்லாததெல்லாம் குப்பைடா. ஃபுளோரிடாவில் ஒன்று. விளம்பரப் படத்தில் பாதி நீச்சல்குளம். அங்கீகாரமே இன்னும் தற்காலிகம், ஆனால் குடை போட்ட நாற்காலி மட்டும் நிரந்தரம். அப்புறம் மேற்கு வர்ஜீனியாவில் செயின்ட் ஓஸ்வின். மூடிப்போன சூப்பர்மார்க்கெட்டில் நடக்கிறது. உடலை அறுத்துப் படிக்கிற கூடம் முன்பு மீன் விற்ற இடமாம். அதன் தேர்ச்சி எண்பத்தாறு. எண்பத்தாறு! ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தாறு காட்டினால் நான் வேலை பார்க்கிற கிளினிக்கில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம்.

நேற்று கிளினிக்குக்கு மிஸஸ் பெட்டிகர் வந்திருந்தாள். "அசிஸ்டென்ட்டா? டாக்டருக்குப் படிக்க மண்டை பத்தலயாம்மா?" என்றாள். "போன வாரம் உங்க காதுக்குள்ள மாட்டுன பேட்டரிய எடுத்தது யாரு மிஸஸ் பெட்டிகர்? மருந்து எழுதுனது யாரு? எங்க அசிஸ்டென்ட்தான், டாக்டர் அன்னைக்கு கால்ஃப் ஆடப் போயிருந்தாரு" என்றேன். அதன் பிறகு ரத்த அழுத்தம் பார்க்க அவளே கையை நீட்டினாள்.

ஜூனில் ஆல்டர்கேட்டில் பார்வையாளர் நாள். நீதான் சுற்றிக் காட்டவேண்டும். இயக்குநரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை போட்டு வை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் நூறில் ஒரு புள்ளியாக வரப்போகும்
ஷெல்பி

•

மலைக்குள் எங்கேயோ
மே 19

ஷெல்ப்,

நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வாழ்த்துகள். இங்கே வேலை அதிகம், அதனால்தான் தாமதம். சாப்பாடு பரவாயில்லை.

ஆல்டர்கேட் உனக்கு வேண்டாம். அந்த மேற்கு வர்ஜீனியா கல்லூரியை ஒருமுறை நேரில் போய்ப் பார். வேறு பத்து இடத்துக்கும் போடு.

உடம்பைக் கவனி.
எம்மெட்

•

சில்லிகாத்தி
மே 24

மகாராஜா எம்மெட் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். அம்மாவின் முழங்கால் மழை வருமுன் வலிக்கிறது, மழை வந்தபின்னும் வலிக்கிறது. தங்கள் மலைநாட்டில் தங்கள் திருமேனி சுகம்தானே?

நான் நாலு பக்கம் எழுதினால் நீ மளிகைச் சீட்டு மாதிரி ஒன்று அனுப்புகிறாய். அதில் ஒரு உத்தரவு வேறு. "உனக்கு வேண்டாம்." ஏன்? காரணம் எங்கே? பன்றிக்கறியோடு சேர்த்து விழுங்கிவிட்டாயா?

எனக்குப் புரிகிறது. வீட்டில் ஒரே ஒரு வெள்ளைக் கோட்டுதான் இருக்கவேண்டும், அது உன்னுடையதாகத்தான் இருக்கவேண்டும். படிப்புத் தொடக்கத்தில் கோட்டு மாட்டிவிடும் விழாவில் எடுத்த உன் படத்தை அம்மா கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக அடித்து நூறு பேருக்கு அனுப்பினாளே, இன்னும் போதவில்லையா? அம்மாவோடு பௌலிங் ஆடுகிற கூட்டத்துப் பெண்கள் எல்லார் வீட்டு ஃபிரிட்ஜிலும் நீதான் தொங்குகிறாய்.

இன்னொன்று. மலைக்குள் இருக்கிறவனின் உறையில் பிட்ஸ்பர்க் நகரத்து முத்திரை எப்படி விழுந்தது? தபால்காரர் மலையைச் சுற்றி வந்தாரா?

ஆல்டர்கேட்டோடு இன்னும் எட்டு கல்லூரிக்குப் போட்டுவிட்டேன். எட்டும் நூறு. உனக்காகப் பரிதாபப்பட்டு அந்த மீன்கடைக்கும் ஒரு விண்ணப்பம் தட்டிவிட்டேன். சேருவதற்காக இல்லை. நேர்காணலுக்குக் கூப்பிட்டால் போய் வீடியோ எடுத்துக் கிழிக்கலாம்.

நல்ல தூக்கம் தூங்கு, பொறாமையால் வயிறு எரிந்தால் மோர் குடி.
ஷெல்பி

•

மலைக்குள்
ஜூன் 10

ஷெல்ப்,

நலமே. நீங்கள் இருவரும் நலம்தானே.

முத்திரை விஷயம்: இங்கிருந்து நகரத்துக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொன்னேன்.

பார்வையாளர் நாளுக்கு வராதே. அன்று நான் அங்கே இருக்கமாட்டேன். வந்தே தீருவேன் என்றால், அந்த நூறு எப்படி வருகிறது என்று யாரையாவது கேள். என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, சொல்லும்போது எங்கே பார்க்கிறார்கள் என்று கவனி.

அம்மாவிடம் என் அன்பு.
எம்மெட்

•

சில்லிகாத்தி
ஜூன் 23

எம்மெட்,

நலமா என்று கேட்கவில்லை. நீ நலமாக இருந்தாலும் சரி, நாசமாகப் போனாலும் சரி, முதலில் இதைப் படி.

போனேன். கண்ணாடிக் கட்டடம். வாசலிலேயே ஆள் உயரத்துக்கு '100' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதன் பக்கத்தில் நின்று படம் வேறு எடுத்துக்கொண்டேன். எங்கள் கூட்டத்தைச் சுற்றிக் காட்ட வந்தவன் சட்டையில் பேர் பார்த்தேன்: பிரெஸ்டன். உன் பிரெஸ்டன்! முதல் வருஷம் முழுக்க உன்னோடு உட்கார்ந்து படித்தானே, நவம்பர் மாத நன்றித் திருநாள் விருந்துக்குக்கூட நம் வீட்டுக்கு வந்து மூன்று துண்டு பூசணி இனிப்பு தின்றானே, அதே பிரெஸ்டன்.

"ஏய் பிரெஸ்டன்! நான் எம்மெட்டோட தங்கச்சி. அவன் எந்த மலைல இருக்கான்? உனக்காவது சரியாத் தெரியுமா?" என்றேன்.

அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

"எம்மெட்டா... அவன் இப்ப எங்க கூட இல்ல."

"தெரியும், மலைல இருக்கான். எப்ப வருவான்?"

"இல்ல ஷெல்பி. பிப்ரவரியிலயே போயிட்டான். உங்க வீட்ல... தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து இயக்குநர் டாக்டர் ஹால்வர்சன் மைக்கைப் பிடித்தாள். "ஆறு வருஷமா எங்க பிள்ளைங்க ஒருத்தர்கூட இந்தப் பரிட்சைல தோத்தது இல்ல" என்றாள். எல்லோரும் தட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் தட்டினேன்டா. கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

பிப்ரவரி! ஏப்ரலில் நான் நாலு பக்கம் எழுதினேன். நீ 'சாப்பாடு பரவாயில்லை' என்று பதில் போட்டாய். மலையாம், கிளினிக்காம், நகரத்துக்குப் போகிற ஒருவராம். உன் பொய்க்குக் கைகால் முளைத்து வேலைக்குப் போகிறது. நான் என்ன, அம்மாவின் பௌலிங் கூட்டமா, என்னிடமும் கோட்டுப் படம் காட்ட?

அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்காக இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உடனே எழுது.
ஷெல்பி

•

சில்லிகாத்தி
ஜூலை 21

எம்மெட்,

உயிரோடு இருக்கிறாயா? இதுதான் என் நலம் விசாரிப்பு.

ஒரு மாதமாகத் தபால்பெட்டியில் பீட்சா விளம்பரம் மட்டும்தான் வருகிறது. போன் அடித்தால் 'செய்தியை விடுங்கள்' என்கிறது. விடுகிறேன்: கோழை.

அம்மா தினமும் கேட்கிறாள். "மலைல குளுருமேடி, அவனுக்கு ஸ்வெட்டர் அனுப்பட்டுமா?" இது ஜூலை மாதம் எம்மெட். அந்தப் பொய்யை நான் ஏன் காக்கவேண்டும் என்று ஒரு காரணம் சொல்.

ஆல்டர்கேட்டிலிருந்து செப்டம்பரில் நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மீன்கடையிலிருந்தும். மற்ற எட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

சாப்பிடு. செத்துத் தொலையாதே.
ஷெல்பி

•

பிட்ஸ்பர்க்
ஆகஸ்ட் 9

ஷெல்ப்,

உயிரோடு இருக்கிறேன். மலை இல்லை. மேலே பார், ஊர்ப் பேரைச் சரியாகப் போட்டிருக்கிறேன்.

குழந்தை மருத்துவப் பயிற்சி முடிவில் வைக்கிற பரிட்சையில் தோற்றேன். மறுபடி எழுதச் சொன்னார்கள், மறுபடியும் தோற்றேன். கொஞ்சத்தில்தான், ஆனால் தோற்றேன். அடுத்த நாள் ஹால்வர்சன் கூப்பிட்டாள். மேஜையில் எனக்கு நேராக டிஷ்யூ டப்பா, அதன் பக்கத்தில் நானே விலகுவதாக அடித்து முடித்த கடிதம். நான் இன்னும் உட்காரவே இல்லை.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றோம் எம்மெட். நீயா விலகிட்டா ரெக்கார்டுல 'தனிப்பட்ட காரணம்'னு போகும். நாங்க அனுப்பினா 'நீக்கம்'னு போகும். எது உனக்கு நல்லா இருக்கும்?"

"அந்தப் பயிற்சிய மட்டும் திரும்பச் செய்யலாமா? ஆறு மாசம் தள்ளிக்கூடப் போகட்டும்."

"அப்படிச் செஞ்சவங்க லைசென்ஸ் பரிட்சைல தடுமாறுறாங்க. அது யாருக்கும் நல்லதில்ல."

யாருக்கும்! கையெழுத்துப் போட்டேன். கோட்டை என்ன செய்வது என்று கேட்டேன். "வச்சுக்கோ, ஞாபகமா இருக்கும்" என்றாள், பொருட்காட்சியில் பலூன் கொடுக்கிற மாதிரி.

என் வகுப்பில் நான் நாலாவது ஆள். நாலு பேருக்கும் தனிப்பட்ட காரணம். டிசம்பரில் மிச்சம் இருப்பவர்கள் லைசென்ஸ் பரிட்சை எழுதுவார்கள், எல்லோரும் தேறுவார்கள், வாசலில் அந்த நூறு அப்படியே நிற்கும். தோற்கக்கூடியவனை எழுதவிடாமல் செய்தால் எந்த மடையன் நடத்தினாலும் நூறு வரும். இது திருட்டுத்தனமும் இல்லை தெரியுமா? எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று அதே பக்கத்தில் கீழே போட்டுத்தான் இருக்கிறார்கள். உன் மேற்கு வர்ஜீனியா கல்லூரிக்கு அந்த இடத்தில் பூஜ்யம், அதனால்தான் போய்ப் பார் என்றேன். பெரிய நம்பரைப் பார்த்ததும் உன் நாற்பதாயிரம் பேரும் வீடியோ போட ஓடிவிடுகிறார்கள்.

நான் இப்போது ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன். ஆல்டர்கேட் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிற அதே ஆஸ்பத்திரி. வேறு இடத்தில் வேலை கிடைக்கவில்லை. லிஃப்டில் என்னோடு ஏறினால் மாடி நம்பர் மாறுவதையே அண்ணாந்து பார்ப்பார்கள். பிரெஸ்டன் ஒருநாள் என்னை லிஃப்டில் பார்த்துவிட்டு மாடிப்படியில் ஏறிப்போனான். ஒன்பதாவது மாடிக்கு.

வேறு கல்லூரிக்குப் போடலாமே என்பாய். எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது: இதற்குமுன் வேறெங்காவது இதே படிப்பில் சேர்ந்திருந்தீர்களா? ஆமாம் என்றால் குப்பைக்கூடை. விசாரித்துவிட்டேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நூறு இல்லாததையெல்லாம் குப்பை என்கிறவளிடம் எந்த வாயால் சொல்வது?

நேர்காணலுக்குப் போ. கிடைத்தால் சேர். உன் மார்க்குக்கு உன்னை யாரும் கூப்பிட்டு டிஷ்யூ நீட்டமாட்டார்கள்.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். கொஞ்சம் பொறு.
எம்மெட்

•

சில்லிகாத்தி
ஆகஸ்ட் 15

எம்மெட்,

நலமாக இரு. இந்தத் தடவை நிஜமாகச் சொல்கிறேன்.

உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, அதை வரிசையில் நிற்க வைத்திருக்கிறேன். முன்னால் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். அந்த ஹால்வர்சன்! முதலிலேயே எடுத்து வைத்த டிஷ்யூ டப்பா! என்ன அக்கறைடா அது, கசாப்புக்கடைக்காரன் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற அக்கறை.

போ, கிடைத்தால் சேர் என்கிறாய். போகிறேன். அவள் கண்ணைப் பார்க்கவேண்டும். சேருவதைப் பற்றி இப்போது என்னிடம் பேசாதே. ஆறு வருஷ நூறு, கண்ணாடிக் கட்டடம், என் மார்க்குக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆசை இல்லை என்று சொன்னால் நானும் மலையில் கிளினிக் நடத்துகிறேன் என்று அர்த்தம்.

பழம் சாப்பிடு. ஆஸ்பத்திரி கேன்டீன் வறுவலையே தின்று ஊதிப்போகாதே.
ஷெல்பி

•

சில்லிகாத்தி
அக்டோபர் 8

எம்மெட்,

நலம், நலம், நலம்! மூன்றும் எனக்கே. உனக்கு மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்.

இரண்டு நேர்காணலும் முடிந்து, இரண்டு பதிலும் வந்த பிறகு எழுதலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஆல்டர்கேட்டில் ஹால்வர்சனே எதிரில். என் குடும்பப் பேரைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள்.

"கோல்ப்... நம்ம எம்மெட்டுக்கு சொந்தமா?"

"தங்கச்சி."

"நல்ல பையன். பாவம், அவனுக்கு இது ஒத்துவரல." செருப்பு அளவு சரியில்லை என்கிற மாதிரி சொன்னாள். "சரி, உனக்கு எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"கோட்டு மாட்டிவிட்ட எல்லாரும் பரிட்சை எழுதுறாங்களா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "எழுதுறவங்க எல்லாரும் தேறுறாங்க" என்றாள்.

"நான் அதக் கேக்கல."

"அடுத்த கேள்வி இருக்கா ஷெல்பி?"

செத்தது சீட்டு என்றுதான் நினைத்தேன். இல்லைடா! ஒரே வாரத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள். என் மார்க்கைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள். இவள் வாய் நீளம், ஆனால் நூறைக் கெடுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் நான் உட்காருவேன் என்றும் நம்புகிறார்கள் பார், அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. என்னை அவ்வளவு மட்டமாக இதுவரை யாரும் மதிப்பிட்டதில்லை.

மீன்கடைக்கு வருவோம். செயின்ட் ஓஸ்வின் உள்ளே போனால் கூரையில் இன்னும் 'பால், முட்டை' என்று பலகை தொங்குகிறது. அசிங்கம். காப்பி அதைவிட அசிங்கம். நாலு பேர் பன்றிக்காலில் தையல் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவள் பேர் லொரெட்டா பிக்ஸ். டாக்டர் கிடையாது, அவளும் அசிஸ்டென்ட்தான். அதே கேள்வியை அவளிடம் கேட்டேன்.

"பதினாலு பேர் சேந்தாங்க, பதினாலு பேரும் எழுதுனாங்க. ரெண்டு பேர் கவுந்துட்டாங்க" என்றாள், என் கண்ணைப் பார்த்து. "அவங்க கவுந்துடுவாங்கன்னு எனக்கு முன்னாடியே சந்தேகம்தான்."

"அப்ப ஏன் எழுத விட்டீங்க?"

"ரெண்டாவது தடவ தேறுவாங்கன்னும் தெரியும். தேறிட்டாங்க. ஒருத்தி இதே தெருல வேல பாக்குறா. எண்பத்தாறுன்னு போட்டா எங்களுக்குத்தான் கேவலம், தாங்கிக்கலாம். இங்க இன்டர்நெட்ல எவளோ எங்கள மீன்கடைன்னு பேசியிருக்காளாம். இருந்துட்டுப் போகட்டும், மீன்கடை இருந்தது நெசந்தானே."

நான் பன்றிக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்க இன்னொன்று இருந்தது. வேறு கல்லூரியில் பாதியில் நின்றவன் விண்ணப்பம் போட்டால் என்ன செய்வீர்கள் என்றேன்.

"படிச்சுப் பாப்போம். கூப்பிட்டுக் கேப்போம். எடுத்தா முதல் வருஷத்துல இருந்துதான், சலுகையெல்லாம் கிடையாது. யாரு, உன் பாய்ஃபிரண்டா?"

"ச்சீ! அண்ணன்."

அங்கேயும் இடம் கிடைத்துவிட்டது. ஆல்டர்கேட்டுக்கு நேற்று ஒரே வரியில் பதில் போட்டேன்: தனிப்பட்ட காரணங்களுக்காக உங்கள் இடத்தை ஏற்க இயலவில்லை.

ஜனவரியில் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகிறேன். உடம்பு சரியாக இருக்கிறதா? பதிலில் ஒரு வரிக்குமேல் எழுது.
ஷெல்பி

•

பிட்ஸ்பர்க்
அக்டோபர் 27

ஷெல்ப்,

நலம். முதுகு வலி மட்டும், ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று கோணல்.

பைத்தியக்காரி. நூறை விட்டுவிட்டு எண்பத்தாறுக்குப் போகிறவளை இந்த நாட்டிலேயே நான் இப்போதுதான் பார்க்கிறேன். உன் கடிதத்தை லிஃப்டில் வைத்துப் படித்தேன், நாலாவது மாடியில் இறங்க மறந்து ஒன்பதுக்குப் போய்விட்டேன். நல்லவேளை, ஸ்ட்ரெச்சரில் இருந்த பேஷன்ட் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "பிப்ரவரில இருந்து என்னடா சாப்பிட்ட?" அவ்வளவுதான். பௌலிங் கூட்டத்தாரிடம் அவளே சொல்லிக்கொள்வாளாம். எவளாவது வாயைத் திறந்தால் பந்தைக் காலில் போடுவாளாம்.

லொரெட்டாவுக்கு விண்ணப்பிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மறுபடி முதலிலிருந்து, அதுவும் உனக்கு ஜூனியராக. "ஏய் புதுப் பையா, பன்றிக்கால எடுத்துட்டு வா" என்பாய். நினைத்தாலே விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுகிறேன்.

நீ உன் நாற்பதாயிரம் பேரிடம் ஏதாவது சொல்லத்தான் போகிறாய். என் பேரைச் சொல்லாதே. சொல்லவேண்டும் என்றால் நானே சொல்வேன்.

கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டு போ. அங்கே நிஜமாகவே மலை.
எம்மெட்

•

சில்லிகாத்தி
நவம்பர் 3

வடிகட்டி மக்களே,

எல்லோரும் நலமா? விண்ணப்பம் போட்டுவிட்டு நகம் கடித்துக்கொண்டிருக்கிறவர்கள் விரலாவது நலமா?

பழைய வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கிவிட்டேன். ஏன் நீக்கினேன் என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறீர்கள். "எண்பத்தாறுக்குப் போறியா, மண்டைல அடிபட்டுடுச்சா?" என்று ஒருவர். "விலை போயிட்டா" என்று இன்னொருவர். விலையா? அந்தக் கல்லூரியில் காப்பிகூடச் சரியாகக் கொடுக்கவில்லை. சில மாதம் முன்புவரை நானும் உங்களை மாதிரியேதான், பெரிய நம்பர் தெரிந்தால் வாலை ஆட்டுவேன். அதனால் உங்களைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு, திட்டிக்கொண்டே இருப்பேன்.

இப்போது வேலைக்கு வாருங்கள். உங்களில் யார் கோட்டு மாட்டிக்கொண்டு, பரிட்சை மண்டபத்துக்குப் போகாதவர்? யாரை 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லி அனுப்பினார்கள்? கல்லூரிப் பேரும் எந்த வருஷம் என்பதும் போதும், உங்கள் பேர் போட விருப்பம் இல்லை என்றால் விடுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் உங்கள் நண்பன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது தெரிந்திருக்கும், அவர்களுக்கு இதை அனுப்புங்கள். புதிதாக எண்ணுவோம்.

நான் இதைத் தட்டி முடித்துப் பதிவேற்றி, எழுத்துப்பிழை பார்க்கிறதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. கீழே இருக்கிறது, ஒரே வரி. நான் யாரையும் எழுதச் சொல்லவில்லை:

"எம்மெட் கோல்ப். ஆல்டர்கேட். பிப்ரவரியில் அனுப்பப்பட்டேன்."

அதற்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. அடுத்தது யார்? எழுதுங்கள்.
ஷெல்பி